ஓவசியர் வீட்டு மணி

என் அம்மாவின் சிறுவயதுப் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இருந்ததில்லை. நான் அவற்றை முதன்முதலாகப் பார்த்தது 2003 மாசியில், எனக்கு இருபது வயதாக இருந்தபோது. அதுவும் வேறொரு குடும்பத்தின் அல்பத்தில்.

சமாதான காலம் அது. கனடாவிலிருந்து நளாயினி என்ற பெண் தகப்பனின் வீட்டை விற்க மட்டக்களப்புக்கு வந்திருந்தாள். கோட்டமுனையில், வாவிக்கரையோரம் இருந்தது அந்த வீடு. நாங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம் இருந்தோம். பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் நகரத்துக்குப் போய் வந்தபோது சேதி கொண்டு வந்தார்.

"கோட்டமுனையில ஓவசியர்ர மகள் வந்திருக்காவாம். மணியை ஒருக்கா வரச் சொல்லட்டாம்."

"ஆரம்மா மணி?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றாள் அம்மா.

அம்மாவின் பெயர் சீதேவிப்பிள்ளை. அடையாள அட்டையிலும் அதுதான் இருந்தது. அன்று விடியவே எழும்பித் தலைமுழுகி, இருந்த ஒரே நல்ல சீலையை உடுத்தாள். இரண்டு சட்டி தயிர் வாங்கி வாழையிலையால் மூடிக் கட்டினாள். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி நாங்கள் கோட்டமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள், அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை அரைகுறையாகச் சொல்லி முடித்தாள். மிச்சத்தை அல்பத்தைப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் தகப்பன் சாமித்தம்பி வட்டையில் காவல் வேலை செய்தவர். ஊரார் வயலெல்லாம் காத்தார், சொந்தமாக ஒரு வரம்புகூட இல்லை. ஏழு பிள்ளைகள். 1969இல் வாய்க்கால் வேலை பார்க்க வந்த தெய்வநாயகம் ஓவசியர் அவருடைய குடிலில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, முற்றத்தில் நின்ற ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்திருக்கிறார்.

"வீட்டில பொஞ்சாதி மாசமா இரிக்கா. கூடமாட ஒரு பிள்ளை இரிந்தா உதவி. பள்ளிக்கூடத்துக்கும் விடுவம்."

அன்று பின்னேரமே அம்மா ஜீப்பின் பின்னால் ஏறிப் போனாள்.

நகரத்து வீட்டில் முதல் வேலையாக அவளுடைய தலைமயிரை ஒட்ட வெட்டினார்கள், பேன் என்று. அதன் பிறகுதான் ஓவசியரின் மனைவி கமலாம்பிகை பெயரைக் கேட்டாள். சொன்னதும் அவளுடைய முகம் மாறிவிட்டது. சீதேவிப்பிள்ளை என்பது செத்துப்போன அவளுடைய தாயின் பெயர்.

"எங்கட அம்மாட பேரைச் சொல்லி உன்னை எப்பிடிப் பேசுற, எப்பிடி அடிக்கிற?" என்று கேட்டாளாம்.

அந்த வீட்டில் அதற்கு முன் வேலைக்கு இருந்த பெண்ணின் பெயர் மணி. கூப்பிட்டுப் பழகிய பெயராகவே இருக்கட்டும் என்று அதை வைத்தார்கள். பள்ளிக்கூடம் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

நாங்கள் போனபோது நளாயினி வாசலுக்கு ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். முப்பத்துமூன்று வயது இருக்கும். கட்டிப்பிடித்தபடியே அழுதாள். பொய் அழுகை அல்ல, அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

"மணி, நீ அப்பிடியே இரிக்காய். இஞ்ச பார், இவன் எண்ட மகன். மணி தூக்கித்தான் நான் வளந்தன் எண்டு இவனுக்கு எத்தினை தரம் சொல்லியிருக்கன்."

நாலு வயதுப் பையன். அம்மா அவனைப் பார்த்துச் சிரித்தாள். நளாயினி கதிரையில் இருந்தாள், எனக்கும் ஒரு கதிரை காட்டினாள். அம்மா யாரும் சொல்லாமலே சீமெந்து நிலத்தில் அமர்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டாள். நானும் கதிரையை விட்டிறங்கி அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அல்பத்தை விரித்தார்கள். முதற் பக்கத்தில் நளாயினியின் முதலாவது பிறந்தநாள் படம். ஸ்ருடியோவில் எடுத்தது. கறுப்புத் துணி போர்த்த கதிரையில், சரிகைச் சட்டையோடு குழந்தை கண்ணை அகல விரித்தபடி இருக்கிறது. பின்னால் மலையும் அருவியும் வரைந்த திரை. குழந்தையின் இடுப்பின் இரு பக்கமும் துணிக்கு வெளியே நாலு நாலு விரல்கள் தெரிந்தன.

என் அம்மாவை விட்டு வேறு யாரிடமும் குழந்தை இருக்கவில்லையாம். அதனால் அம்மாவைக் கதிரைக்குப் பின்னால் குந்தவைத்து, தலைக்கு மேலால் துணியைப் போர்த்து, உள்ளே இருந்தபடி பிள்ளையைப் பிடிக்கச் சொன்னார்கள். படம் சரியாக வரும்வரை மூச்சு முட்ட அங்கேயே இருந்தாள். அவளுக்கு அப்போது பத்து வயது.

பையன் விரல்களைத் தொட்டுக்காட்டி யாருடையது என்று கேட்டான்.

"அது ஆருமில்ல கண்ணா, மணியிட கை" என்றாள் நளாயினி. அவள் குரலில் பாசம்தான் இருந்தது.

அடுத்தது கல்லடிக் கடற்கரையில் எடுத்த படம். ஓவசியர், கமலாம்பிகை, ஐந்து வயது நளாயினி. வலது ஓரத்தில் பாதி உடம்பு: ஒரு தோள், தேநீர்ப் போத்தல் தொங்கும் ஒரு கை, கையில் எல்லாருடைய செருப்புகளும். அல்பத்தின் தாளுக்குள் படம் அடங்கவில்லை என்று அந்தப் பக்கத்தைக் கத்தரித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு எடுத்தது. பாதிக் கூரை இல்லாத வீட்டின் முன்னால் குடும்பம் நிற்கிறது. பின்னால், கிணற்றடியில், மங்கலாக ஒரு பெண் குந்தியிருந்து ஒற்றைக் கையால் சட்டி கழுவுகிறாள். மற்றக் கை ஓவசியரின் பழைய சேட்டுத் துணியால் கழுத்தோடு கட்டியிருக்கிறது. சூறாவளி அன்று மேசைக்குக் கீழே நளாயினியை வைத்து, தான் வெளிப்பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தபோது ஓடு விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது. முதலில் ஓவசியருடைய ஆட்களின் காயங்களுக்கு மருந்து கட்டினார்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பத்து நாள் ஆனது. எலும்பு கோணலாகவே பொருந்திவிட்டது. இந்தக் கையால் அம்மா அரிசி அரித்தபோதெல்லாம் நான் அதைப் பார்த்து வளர்ந்தவள். கிணற்றில் விழுந்தது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தாள்.

1981இல் ஓவசியர் தன் வாய்க்கால் வேலையாட்களில் ஒருவருக்கு அம்மாவைக் கட்டிக்கொடுத்தார். அவர்தான் என் அப்பா, நல்லரத்தினம். கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். அன்று படம் எடுக்கவில்லை. அம்மா படுவான்கரைக்குத் திரும்பினாள். நான் பிறந்தேன். எண்பத்தேழில் தம்பி பிறந்தான், யோகன்.

தொண்ணூறு ஆனி மாதத் தொடக்கத்தில் கமலாம்பிகை எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கு ஏழு வயது. அவள் குடையைச் சுருட்டாமல் முற்றத்தில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

"மணி, கனடா விசாவுக்குக் கொழும்புக்குப் போறம். ரெண்டு கிழமைதான். பெரியையாவை விட்டிட்டுப் போக ஆளில்ல. நீதான் வந்து நிக்கணும்."

பெரியையா என்றது ஓவசியரின் தகப்பனை. பக்கவாதம் வந்து ஒருபக்கம் இழுத்து, படுக்கையோடு கிடந்தார்.

அப்பா வேண்டாம் என்றார். "கலியாணம் முடிஞ்சு ஒம்பது வருசம். இன்னும் அவையளுக்கு நீ வேலைக்காரியா?"

"ரெண்டு கிழமைதானேப்பா" என்றாள் அம்மா.

கமலாம்பிகை அம்மாவின் கையைப் பிடித்து, மாமாங்கப் பிள்ளையார் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள், என்ன வந்தாலும் கிழவரைத் தனிய விட்டுப் போவதில்லை என்று. தம்பிக்கு அப்போது சளி. நகரத்துப் பிரயாணம் வேண்டாம் என்று அவனை அப்பாவோடு விட்டுவிட்டு, என்னை மட்டும் கூட்டிக்கொண்டு அம்மா போனாள்.

அவர்கள் கொழும்புக்குப் போய் ஒரு கிழமைக்குள் சண்டை தொடங்கியது. இராணுவம் நகரத்துக்குள் வந்தது. படுவான்கரை இயக்கத்தின் கையில். இரண்டு கரையையும் இணைத்த வலையிறவுப் பாலம் பூட்டுப்பட்டது. வாவியில் அசைந்த தோணிகளை ஹெலி சுட்டது. நகரத்துச் சனத்தில் பாதி எங்கெங்கோ ஓடிவிட, அந்தத் தெருவில் நாங்களும், பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரும், இன்னும் இரண்டொரு வீடுமாக மிஞ்சினோம். அம்மா பகலெல்லாம் கிழவருக்குக் கஞ்சி பருக்கினாள், பீ மூத்திரம் எடுத்தாள், புண் வராமல் புரட்டிப் போட்டாள். வாய் கோணியிருந்தாலும் கிழவருக்குப் பேச்சு இருந்தது. சுடுதண்ணீர் கொஞ்சம் சூடு கூடினால் நல்ல கையால் அம்மாவின் முகத்தில் அடிப்பார். "வேசை" என்பார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீரை விளாவுவாள்.

ஆவணி நடுவில் கிழவர் செத்துப்போனார். ரீச்சர்தான் ஆட்களைப் பிடித்து, ஸ்ருடியோக்காரர் ஒருவரையும் கூட்டி வந்தார். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்குப் படம் அனுப்ப வேண்டுமாம். பிணத்துக்கு மாலை போட்டு, தலைமாட்டில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பக்கத்தில் நிற்கச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை.

"நீயும் நில்லு மணி" என்றார் ரீச்சர். "ஆளில்லாப் பிணம் மாதிரிக் கிடக்கு."

அம்மா நின்றாள். அந்தப் படம் அல்பத்தின் கடைசித் தாளில் இருந்தது. முழு உடம்போடு, கமராவைப் பார்த்தபடி, வெட்டுப்படாமல் என் அம்மா நிற்கும் ஒரே படம். அப்போது அவளுக்கு முப்பது வயது. இவ்வளவு அழகாக இருந்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

கிழவரின் எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்த கையோடு, ஒருநாள் விடியப்புறம் மீன்காரத் தோணியில் எங்களைப் படுவான்கரையில் இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது அப்பா முற்றத்தில் இருந்து ஏதோ கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தம்பி எங்க?" என்று கேட்டு நான் வீட்டுக்குள் ஓடினேன்.

அவன் ஆடி மாதமே செத்துப்போயிருந்தான். வயிற்றோட்டம். மூன்று வயதுப் பிள்ளை, நாலு நாளில் வற்றிப்போனான். அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு தடியில் வெள்ளை வேட்டித் துண்டைக் கட்டிப் பிடித்தபடி வலையிறவுப் பாலத்தடிக்கு நடந்திருக்கிறார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. இந்தப் பக்கத்து இயக்கப் பொடியன்கள் போக வேண்டாம், சுடுவான் என்று தடுத்தார்கள். அவர் கேளாமல் பாலத்தில் கால் வைத்தபோது அந்தப் பக்கமிருந்து வெடி வைத்தார்கள். காலடியில் தார் தெறித்தது. மத்தியானம்வரை பற்றைக்குள் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். வழியில் பிள்ளை செத்துவிட்டது. செத்தது தெரியாமலே கொஞ்சத் தூரம் நடந்தாராம். யோகனுக்கும் படம் இல்லை.

அம்மா அழுதாள். மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள். அப்பா கயிறு திரிப்பதை நிறுத்தவே இல்லை.

அன்றிலிருந்து அப்பா அம்மாவின் கையால் சோறு வாங்கித் தின்னவில்லை. அம்மா சமைப்பாள். பீங்கானில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது நான். அம்மா கொண்டுபோனால் பீங்கான் அப்படியே இருக்கும், ஈ மொய்க்கும். ஏழு வயதில் எனக்கு அது பெருமையாக இருந்தது. அப்பாவுக்கு என்னில்தான் விருப்பம் என்று நினைத்தேன்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு நான் அந்தக் கடைசிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நளாயினி தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். எங்களுக்கு வேறு கோப்பைகள்.

"மணிக்கு எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டாள்.

"ஒண்டு. இவதான்" என்றாள் அம்மா.

"ரெண்டு" என்றேன் நான். "தம்பி ஒருத்தன் இரிந்தான். அம்மா இஞ்ச உங்கட பெரியையாவுக்குப் பீ அள்ளிக்கொண்டிருக்கக்குள்ள, அங்க மருந்தில்லாமச் செத்துப்போனான்."

அம்மா என் தொடையை அழுத்திப் பிடித்தாள். நளாயினியின் முகம் வெளிறியது.

"எங்களுக்கு ஒண்டும் தெரியாதே. ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே மணி."

"எனக்கு எழுதத் தெரியாது சின்னம்மா" என்றாள் அம்மா. குத்திச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

நளாயினி திரும்பவும் அழுதாள். அதற்குள் பையன் பசிக்குது என்று சிணுங்க, அம்மா எழும்பிப் போய்க் கை கழுவிவிட்டு வந்து சோறு குழைத்து அவனுக்கு ஊட்டினாள். நான் முற்றத்துக்குப் போய் நின்றேன். புறப்படும்போது, அந்தக் கடைசிப் படத்தைத் தருவீர்களா என்று கேட்டேன்.

"செத்தவீட்டுப் படத்தைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறாய்? வீட்டில வைக்கக் கூடாது. இதைக் கொண்டுபோ" என்று பிறந்தநாள் படத்தைக் கழற்றித் தந்தாள். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

பஸ் பாலத்துக்கு நகரத்துப் பக்கம் நின்றது. இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, பாலத்தை நடந்து கடக்க வேண்டும். வாவி நல்ல வெயிலில் தகரம் மாதிரிக் கிடந்தது. நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன்.

"அவையள்தான் தம்பியைக் கொண்டது. ஆமிக்காரன் இல்ல, இயக்கம் இல்ல, அவையள். நீ அவள்ர பெடியனுக்குச் சோறு தீத்துறாய்."

அம்மா பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாள்.

"அவையள் இல்ல மனே" என்றாள். "எனக்குச் சேதி வந்தது."

எனக்கு விளங்கவில்லை.

"அழகரத்தினம் வந்தவர். ஊரில மீன் பிடிக்கிற அழகரத்தினம். ஆடி மாசம், விடியப்புறம். யோகனுக்கு வயித்தால போகுது, நல்லரத்தினம் வரச் சொன்னவன், தோணி நிக்குது, வா எண்டார். நீ நித்திரை."

"மறுகா?"

"நாளைக்கு வாறன் எண்டு சொன்னன். பெரியையாவுக்கு ஆள் பாத்து வச்சிட்டு வாறன் எண்டு. ரீச்சரக்காட்டக் கேட்டன். தன்னால ஏலா எண்டிட்டா. பிள்ளையளுக்கு வயித்தால போறதும் நிக்கிறதும்தானே எண்டு நினைச்சன். வீட்டில கிடந்த ஜீவனிப் பக்கற் ரெண்டைக் குடுத்துவிட்டன். காய்ச்சின தண்ணியில கரைச்சுக் குடுக்கச் சொன்னன். அடுத்த நாள் தோணி வரல்ல. அதுக்கடுத்த நாளும் வரல்ல."

"அண்டைக்கு நீ போயிரிக்கலாம்."

"ஓம்."

"தோணி நிண்டது."

"ஓம். வாசலுக்கு நேரதான் நிண்டது."

"ஏன் போகல்ல?"

அம்மா வாவியைப் பார்த்தாள். பின்னால் சனம் வந்துகொண்டிருந்தது. ஒரு சிப்பாய் நடக்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"கிழவன் அண்டைக்கு விடியப் பேண்டிரிந்தான்" என்றாள். "அதைக் கழுவாமப் போக மனம் வரல்ல. கழுவி முடிய, அழகரத்தினம் விடிஞ்சிட்டு, நான் போறன் எண்டிட்டார்."

நான் அவளை விட்டு முன்னால் நடந்தேன். பாலத்தின் மறுகரையில் நின்று பார்க்கவில்லை. வீட்டுக்கு நாலு கட்டை தூரம். வெறும் தயிர்ச்சட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவள் தனியாக வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து மைம்மல் ஆகிவிட்டது. அப்பா ஏன் அவள் கையால் வாங்கித் தின்பதில்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அழகரத்தினம் திரும்பி வந்து அவரிடம் என்ன சொல்லியிருப்பார்? வேலை கிடக்காம், நாளைக்கு வாறாவாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. சோறு, சீலை, மருந்து எல்லாம் கொடுத்தேன். அம்மா என்று மட்டும் கூப்பிடவில்லை. "இஞ்ச", "அங்க", "சாப்பிடச் சொல்லு" என்று வீடு ஓடியது. 2005இல் அப்பா செத்தார். கடைசியாக வாயில் விட்ட தண்ணீரும் என் கையாலே. அம்மா வாசற்படிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2007 பங்குனியில் படுவான்கரை முழுவதும் ஷெல் அடித்தார்கள். உடுத்த உடுப்போடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு ஓடி, தார்ப்பாய்ப் படங்கு கட்டிய முகாம் ஒன்றில் கிடந்தோம். வெக்கை. ஒரு குழாய்த் தண்ணீருக்கு ஐம்பது குடும்பம். எங்கள் பக்கத்துப் படங்கில் ஒரு கிழவி கிடந்தாள். மகன் குடும்பம் ஓடிவந்த வழியில் வேறு திசைக்குப் போய்விட்டது. ஊர் பேர் சொல்லத் தெரியாது. பகலும் இரவும் முனகுவாள். நாற்றம் தாங்க முடியாமல் மற்றவர்கள் படங்கை இழுத்து மூடினார்கள்.

இரண்டாம் நாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தபோது அம்மா அங்கே இருந்தாள். கிழவியைப் பக்கவாட்டில் புரட்டி, கோணல் கையால் தாங்கி, மற்றக் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் குடிக்க என்று வரிசையில் நின்று பிடித்து வைத்த வாளித் தண்ணீர் பக்கத்தில் இருந்தது.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. சனம் பார்க்கப் பார்க்கக் கத்தினேன்.

"உனக்கு வேற வேலையில்லையா? ஆரெண்டே தெரியாத பிணத்துக்கெல்லாம் கழுவு. எல்லாருக்கும் செய். நீ செய்யாமப் போனது தம்பிக்கு மட்டும்தான்."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் துணியை வாளிக்குள் நனைத்துப் பிழிந்து, கிழவியின் மற்றக் காலைத் துடைக்கத் தொடங்கினாள்.

சித்திரை கடைசியில் காய்ச்சல் வந்து நாலு நாள் கிடந்தாள். அந்த நாலு நாளும் அவளுக்கு எல்லாம் நான்தான் செய்தேன். தூக்கி இருத்தினேன், துடைத்தேன், கஞ்சி பருக்கினேன். அவள் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன். நாற்பத்தேழு வயதில், முகாமிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் செத்துப்போனாள்.